நாற்காலியில் குடியிருந்த தூசி

என் இடது முழங்கால் மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. வலது முழங்கால் மீது ஆணையிட்டிருக்கலாம். அது ஏற்கெனவே போய்விட்டது. சத்தியத்துக்கு நல்ல பொருளாகத்தான் வைக்க வேண்டும்.

என் மருமகள் வானொலியில் செய்தி வாசிப்பவள். போன மாதம் அவளைத் தும்மல் பிடித்தது. ஏதோ அச்சு புச்சென்று போகிற தும்மல் இல்லை. ஒன்று போட்டால் சுவரில் தொங்கும் காலண்டரில் மூன்று தாள் பறக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அந்த மாதம் பத்து நாளில் முடிந்துவிட்டது. ஒருநாள் நேரலையில், "நாளை வானம் தெளிவாக இருக்கும்" என்று வாசித்த கையோடு ஒன்று போட்டாள். கேட்டவர்கள் இடி என்று நினைத்து, மறுநாள் குடையோடு வேலைக்குப் போனார்கள். இன்னொரு தும்மல் ஒலிபரப்பானால் மைக் முன்னால் வேறு ஆள் உட்காரும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் போனோம். துணைக்கு நானும் போனேன். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒவ்வாமை என்றார்.

"வீட்டுல ஏதாவது வளக்கிறீங்களா?"

"எங்க மாமாவைத்தான் டாக்டர்," என்றாள்.

நான் சட்டையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டேன். அப்படியானால் தூசிதான் என்று டாக்டர் முடிவுகட்டி, செய்ய வேண்டியதை ஒரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அதை அவள் தன் செய்திக் குரலில் வாசித்தாள். திரைச்சீலைகள் கழற்றப்படும். படுக்கை விரிப்புகள் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்கப்படும். தரை இனிப் பெருக்கப்படாது, ஈரத்துணியால் துடைக்கப்படும். இறுதியாக, மாமாவின் பஞ்சு நாற்காலி வெளியேற்றப்படும்.

"அது என்னம்மா பாவம் பண்ணிச்சு?"

"நீங்க உக்காந்தாலே புகை கிளம்புது மாமா."

"அது புகை இல்லம்மா. அனுபவம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். தும்மல் நின்னா உங்க அனுபவம் இருக்கட்டும். நிக்கலேன்னா குப்பை வண்டி."

இருபத்தாறு வருடமாக உட்கார்கிற நாற்காலி. எனக்கு வேறு உட்காரும் இடம் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வெயிலில் போட்டு என் மகன் தலையணைகளை அடித்தான். தெருவில் போன கார்களெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டன. தூசி போனதும் தலையணைகளுக்கு எடையே இல்லை. பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தோம். அலமாரி உச்சியை நான் துடைத்தேன். நாலு வருடமாக அதைப் பழுப்பு நிற அலமாரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது பச்சை.

இந்தத் தூசியெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிற தூசி. ஈரத்துணியைக் கண்டதும் போய்விட்டது. நாற்காலியில் இருந்தது வேறு ரகம்.

"மாமா, நாற்காலில என்ன இது, முடி?"

"என்னோடதும்மா."

"உங்களுக்குத்தான் தலைல ஒண்ணுமே இல்லையே."

"இருந்த காலத்துல உதிர்ந்தது."

"செம்பட்டையா இருக்கு."

"அப்ப சாயம் அடிச்சிட்டிருந்தேன்."

புதன்கிழமை மேசைமேல் வைத்த பாலில் பாதியைக் காணோம். தூசி குடித்துவிட்டது என்றேன். நம்பாத முகத்தோடு பார்த்தாள். தரையே தண்ணீர் குடிக்கும்போது தூசி பால் குடிக்கக் கூடாதா என்று கேட்டேன். வியாழக்கிழமை நாற்காலியின் கைப்பிடியில் நகக் கீறல். முற்றிய தூசிக்கு நகம் முளைக்கும். வெள்ளிக்கிழமை, அவள் துடைத்து முடித்த தரையில் ஜன்னலிலிருந்து நாற்காலி வரைக்கும் சின்னச் சின்னதாக, வரிசை பிசகாமல் ஈரத் தடங்கள்.

"இதுவும் தூசிதானா மாமா?"

"வெளில போயிட்டு வந்திருக்கும்மா. தூசின்னா ஒரு இடத்துல கிடக்குமா?"

என் மகன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான். தாள் மட்டும் குலுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடிப்பதற்குள் மருமகள் ஏழு முறை தும்மினாள். காலண்டர் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது.

"எழுந்திருங்க மாமா."

எழுந்தேன். மகன் ஒரு பக்கம் பிடித்தான். அவள் மறு பக்கம் பிடிக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நாற்காலிக்கு அடியில் பார்த்தபடியே இருந்தாள். வண்டி எங்கள் வாசலுக்கு வந்து, மணியடித்து, அடுத்த வீட்டுக்கும் போய்விட்டது.

"கீழ வைங்க," என்றாள் புருஷனிடம். "மெதுவா."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தூசி எத்தனை நாளா இருக்கு மாமா?"

"ஒரு மாசம் இருக்கும்மா."

"என் தும்மல்?"

"அதுவும் அவ்வளவுதாம்மா இருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வாமையால் வந்த தண்ணீரா, வேறா என்று நான் கேட்கவில்லை.

"நாற்காலி வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. பின்பக்க வராந்தாவுல இருக்கட்டும். நடுக்கதவு சாத்தியே இருக்கணும். நீங்க உள்ள வரும்போது சட்டையை மாத்திட்டு, கை கழுவிட்டு வரணும். சரியா?"

சரி என்றேன். நாற்காலியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

பன்னிரண்டு நாளாகிறது, அவள் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. நேற்று வானிலையை முழுசாக வாசித்தாள், யாரும் குடை எடுக்கவில்லை. தினமும் காலையில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, நடுக்கதவை ஒரு சாண் திறந்து, ஒரு கிண்ணம் பாலை நகர்த்திவிட்டுப் போகிறாள். டாக்டர் போனில் விசாரித்ததற்கு, வீட்டைச் சுத்தம் செய்தோம், தூசி போய்விட்டது என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் நாற்காலிக்கு அடியில், தூசி மூன்று குட்டி போட்டிருந்தது.