ஞாயிற்றுக்கிழமை மின்சாரம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்புறத் தெருவில் உள்ள நான்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஆளில்லாத வீட்டில், விளக்குகள் எல்லாம் அணைந்திருந்த நேரங்களில், நூற்றுப் பதினெட்டு யூனிற் மின்சாரம் செலவானது. அந்த மாதம் சந்தையில் மத்தி மீன் கிலோ ஆறு யூரோ, கத்தரிக்காய் இரண்டு யூரோ. செலவான மின்சாரத்துக்கு நாற்பத்தைந்து யூரோ. வீட்டுக்காரி ஞானம்பிகை குளிர்சாதனப் பெட்டியின் வயரை மாற்றினாள், தண்ணீர்ச் சூடாக்கியை மூன்று நாள் நிறுத்தி வைத்துக் குளிர்நீரில் குளித்தாள். மின்சாரக் கம்பனியின் ஆள் வந்து மீற்றரைத் திறந்து பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஏப்ரலில் நூற்றிருபது யூனிற் போனது.

அவளுக்கு அந்த நாற்பத்தைந்து யூரோ சின்னக் காசு அல்ல. கணவன் விமலராஜ் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். உணவகத்தின் முதலாளி தன்னுடைய பழைய மின்சாரக் காரை நாலாயிரம் யூரோவுக்குத் தருவதாகவும், பாதிக் காசு சேரும்வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொல்லியிருந்தார். அதற்காக ஞானம்பிகை ஒரு பிஸ்கற் பேணியில் மாதம் அறுபது யூரோ போட்டுவந்தாள். ஓட்டுநர் உரிமத்தை 2019இலேயே எடுத்துவிட்டாள், இத்தாலிய எழுத்துப் பரீட்சையில் மூன்று தடவை விழுந்து நாலாம் தடவை எழும்பி. இப்போது பேணிக்குள் மாதம் பதினைந்து யூரோதான் விழுந்தது. அப்படியே போனால் அந்தக் கார் துருப்பிடித்த பிறகுதான் அவள் கைக்கு வரும்.

அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் கிளறா இருந்தாள். மன்னார்க்காரி, ஞானம்பிகையை விட நான்கு வயது இளையவள். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்தவள் ஞானம்பிகை. வேறொரு வீட்டில் ஐம்பது யூரோ கூடக் கிடைத்தபோது, அந்த இடத்துக்குக் கிளறாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டவளும் அவளே. இரண்டு வருடம் கழித்துச் சிஞ்ஞோராவின் மகன் வெளிநாடு போகும்போது, தன்னுடைய நீல நிறச் சின்ன மின்சாரக் காரைக் கிளறாவுக்குக் கொடுத்துவிட்டான். விலை, கேட்டால் சிரிப்பு வரும் விலை. முற்றத்தில் கிளறாவின் சுவரோடு சார்ஜ் பெட்டியும் பூட்டப்பட்டது. அது நடந்தது பெப்ரவரி கடைசி வாரத்தில் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, விமலராஜ் முறையான ஒரு சோதனை செய்தார். கட்டடத்தின் மீற்றர்கள் எல்லாம் கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரிக்குள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் அந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும். ஞானம்பிகை மேலே எல்லாவற்றையும் நிறுத்தினாள். சன்னல் இல்லாத குசினிக்குள் அவள் இருந்தபோது மீற்றர் பூச்சியம் காட்டியது. பல்கனிக்கு வந்தாள். முற்றத்தில் கிளறா காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று தசம் நாலு கிலோவாற். கிளறா பின்கதவைத் திறந்து ஆறு போத்தல் கொண்ட தண்ணீர்க் கட்டுகள் இரண்டை இறக்கினாள். ஞானம்பிகை அதே கட்டை மூன்று மாடி தூக்கி ஏறுகிறவள். ஒன்று தசம் ஒன்பது. கிளறா காரின் கூரையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு தசம் மூன்று.

விமலராஜ் கீழிருந்து போன் எடுத்தார். "ஞானம், இப்ப நீ என்ன நினைச்சனீ?"

"நான் ஒண்டும் நினைக்கேல்லை."

"இரண்டு தசம் ஆறுக்கு ஏறிட்டுது."

"உங்களுக்கு வேற வேலை இல்லையே? மீற்றரைப் பார்க்கச் சொன்னா என்ரை மனசைப் பார்க்கிறியள்."

மின்சாரம் எப்படிப் போனது என்பதில் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பொறாமை ஞானம்பிகையிடம் எழும்பும், மின்சாரம் அவளுடைய மீற்றரில் இருந்து புறப்படும், கிளறாவின் காருக்குள் போய்ச் சேரும். இடையில் வயர் இல்லை. அவள் வீட்டில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. பஸ் தரிப்பில் நின்றாலும், வேறு ஒருவரின் தரையைத் துடைத்துக்கொண்டு நின்றாலும், செலவு அவளுடைய பெயரில் உள்ள மீற்றரில்தான் விழுந்தது. இரண்டாம் மாடிக்காரர் வீட்டில் தேர்தல் நாட்களில் மட்டும் ஓடுகிற ஒரு கடிகாரம் இருந்தபடியால், கட்டடத்தில் இதை ஒரு பெரிய விசயமாக எவரும் கதைக்கவில்லை.

கிளறாவுக்கு இதன் மறுபக்கம் முதலே தெரிந்திருந்தது. வயர் மாட்டாத கார் காலையில் முப்பது வீதத்தில் புறப்பட்டு மாலையில் ஐம்பது வீதத்தோடு திரும்புவதைக் கண்டு, ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் புதுமை என்று நம்பி, அவளுடைய கோவில் உள்ள பெல்லெக்ரீனோ மலைக்குப் போய் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினாள். சோதனைக்குச் சில வாரங்களுக்கு முன் அவளுடைய கணவன் ஜோக்கிம், புதுக்காருக்குக் கண்ணூறு படக்கூடாது என்று ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு செத்தல் மிளகாயும் கோர்த்து முன்கண்ணாடிக்குள் தொங்கவிட்டான். இந்த ஊர்க்காரர் வைப்பது போல ஒரு சிவப்புக் கொம்பையும் பக்கத்தில் சேர்த்தான். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் காருக்குள் ஒரு யூனிற்கூட வரவில்லை. புறப்பட்ட மின்சாரம் வாசலில் தடுக்கப்பட்டு வந்த வழியே திரும்பியது. ஞானம்பிகையின் வீட்டுக்கு மூன்று கிலோவாற்தான் அனுமதி. அதைத் தாண்டினால் மீற்றர் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்தப் பன்னிரண்டு நாளில் பதினோரு தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் மூன்று மாடி இறங்கி மீற்றரைத் தூக்கிவிட்டாள், இறங்குகிற வழியில் காரைக் கண்டாள், திரும்ப மேலே ஏறுவதற்கிடையில் அது மறுபடி விழுந்தது. பதின்மூன்றாம் நாள் கிளறா மிளகாயையும் கொம்பையும் தானே கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று புருசனுக்குச் சொல்லவில்லை.

சோதனை செய்த அன்று பின்னேரமே ஞானம்பிகை பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

"கிளறா, வேலை எடுத்துத் தந்தனான். இப்ப கரண்டும் நானே தாறன். இன்னும் என்ன வேணும், சொல்லு."

கிளறா கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ அக்கா. கோப்பி போடுறன்."

"கோப்பி வேண்டாம். நீ அந்தக் கொம்பைத் திருப்பிக் கட்டு."

"கட்டினா உங்கடை வீடு இருட்டு. பாத்தனியள்தானே?"

கிளறா தன்னுடைய போனை எடுத்து, கார் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஏற்றியது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வொரு வேலைநாளும் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வரைபடத்தில் ஒரு கூர்மையான குன்று இருந்தது.

"எட்டுப் பத்துக்கு நான் பஸ் தரிப்பிலை நிக்கிறனான்," என்றாள் ஞானம்பிகை. "நீ ஹோர்ன் அடிச்சுக் கை காட்டிட்டுப் போவாய்."

"ஏறச் சொல்லித்தான் கை காட்டினனான். நீங்கள் மற்றப் பக்கம் பாப்பியள்."

"எனக்கு பஸ் வரும்."

"நாப்பது நிமிசம் கழிச்சு வரும்."

பிறகு கிளறா பில்லை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். ஞானம்பிகை பதினாறு வருடமாக முதலாம் பக்கத்தில் உள்ள தொகையை மட்டும் பார்த்துக் கட்டியவள். இரண்டாம் பக்கத்தில் மணிப் பிரிவுகள் இருந்தன. இதைப் பொறுமையாகப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். வேலைநாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை எல்லாரும் மின்சாரம் கேட்கிறார்கள், அதனால் விலை கூட: அவளுடைய ஒப்பந்தத்தில் யூனிற்றுக்கு முப்பத்தெட்டுச் சதம். அதற்கு முன்னும் பின்னும் சில மணித்தியாலங்களும் சனிக்கிழமையும் நடுவிலை. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழுவரையும், ஞாயிற்றுக்கிழமையும் அரச விடுமுறை நாட்களும் முழுநாளாகவும், இருபத்திரண்டு சதம். கார் அதே கார், மின்சாரம் அதே மின்சாரம்; ஏற்றுகிற மணி மட்டும் வேறு. கிளறாவின் சுவர்ப் பெட்டி இதைப் படித்துத்தான் செய்யப்பட்டது. திங்கட்கிழமை வயரை மாட்டினாலும் அது மலிவான மணி வரும்வரை காத்திருக்கும். வீட்டில் அடுப்போ உடுப்புத் தோய்க்கும் மெசினோ ஓடினால், மீற்றர் விழாதபடி தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும்.

"என்ரை பெட்டிக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே அக்கா? பொறாமைப்படாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. நேரம் பாத்துப் படுங்கோ. ஞாயிறு விலைக்கு நான் காசு தாறன். எனக்கு எப்பிடியும் அந்தக் காசு போறதுதான்."

ஞானம்பிகை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "கோப்பி எங்கை?" என்றாள்.

பொறாமையை அணைக்க முடியாது, ஆனால் தள்ளிவைக்கலாம் என்பதை அவள் ஜூன் மாதத்தில் கற்றுக்கொண்டாள். முறை எளிமையானது. வாரநாளில் அது எழும்பினால், கடைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் ஒரு சொல் எழுதிக் கைப்பையில் போட்டாள்: ஹோர்ன். போத்தல் கட்டு. கூரையில் தட்டினது. எழுதியதும் மீற்றர் இறங்கியது. ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றொன்றாக எடுத்து, அதற்குரிய முழுப் பொறாமையையும் கொடுத்தாள். காரின் பற்றரி வாரத்துக்கு இருபத்தேழு யூனிற் கேட்டது. இரண்டேகால் கிலோவாற்படி அது பன்னிரண்டு மணித்தியால வேலை. மதியம் கோழி மின்னடுப்பில் வேகும்போது இழுவை மூன்று கிலோவாற்றைத் தாண்டிவிடும் என்பதால், கிளறா சரியாகப் பன்னிரண்டரைக்குப் போன் எடுத்துத் தன்னுடைய முழங்கால் வலியையும் ஜோக்கிமின் குறட்டையையும் பற்றிக் கதைத்தாள். அந்த முக்கால் மணித்தியாலம் ஞானம்பிகையின் பொறாமை அரைக் கிலோவாற்றுக்கு இறங்கி நின்றது. கோழி வெந்ததும் அவள், "சரி வை, எனக்கு வேலை கிடக்கு," என்பாள்.

ஞாயிறு பின்னேரங்களில் இருவரும் அதே காரில் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறினார்கள். மலை இறங்கும்போது எல்லா மின்சாரக் கார்களும் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பப் பெறும்; சில்லின் ஓட்டம் மோட்டாரைத் திருப்பி இயக்குவதால் அது நடக்கிறது. இந்தக் கார் ஏறும்போதும் பெற்றது, ஏனென்றால் ஞானம்பிகை முன்னிருக்கையில் இருந்தாள்.

2025இல் ஒரே ஒரு பிழை நடந்தது. ஊரின் காவல் புனிதைக்கு யூலை பதினைந்து பெருவிழா. கடைகள் பூட்டியிருந்தன, ஞானம்பிகை இப்போது வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவும் வேலைக்கு வர வேண்டாம் என்றார். விடுமுறைதானே என்று ஞானம்பிகை அன்று முழுக்கப் பொறாமைப்பட்டாள். ஆனால் மின்சாரப் பட்டியலில் நாடு முழுவதற்குமான விடுமுறைகள் மட்டும்தான் உண்டு. பலெர்மோவின் விழா அதற்குத் தெரியாது. அது வெறும் செவ்வாய்க்கிழமை, முப்பத்தெட்டுச் சதம். அந்த மேலதிகத்தைக் கிளறா கொடுக்க மறுத்தாள். நாலு நாள் இருவரும் கதைக்கவில்லை. அந்த நாலு நாள் சீட்டுகள் மட்டும் கைப்பையை நிரப்பின.

பேணியில் மறுபடியும் மாதம் அறுபது விழுந்தது. மிச்சத்துக்கு விமலராஜ் இரவு வேலைகளை எடுத்துக்கொண்டார். 2025 நவம்பரில், பாதிக் காசு கட்டி, ஞானம்பிகை ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்து காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாள். மஞ்சள் நிறம். பின்னால் கமெரா இருந்தது. கிளறாவின் காரில் அது இல்லை. கிளறா சுற்றிவந்து பார்த்து, "மீன் மணக்குது," என்றாள். மஞ்சள் காரின் பற்றரி ஒரு வீதம் ஏறியதை ஞானம்பிகையின் போன் காட்டியது. அன்று புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி.

"நேரம் பார், கிளறா," என்றாள் ஞானம்பிகை. கைப்பையில் இருந்து ஒரு கடைச் சீட்டையும் பேனையையும் எடுத்து நீட்டினாள்.

தன்னிடம் கார் வந்துவிட்டால் தன் பொறாமை நின்றுவிடும் என்று ஞானம்பிகை எண்ணியிருந்தாள். அது நிற்கவில்லை, நீல நிறம் அழுக்குத் தெரியாத நிறம், அவளுடையது மஞ்சள். ஆகவே இப்போது அந்த முற்றத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன, சுவர்ப் பெட்டியை எவரும் தொடுவதில்லை. வாரம் முழுவதும் இருவரும் எழுதி வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீலக் கார் மூன்றாம் மாடி மீற்றரில் இருந்தும், மஞ்சள் கார் கீழ்வீட்டு மீற்றரில் இருந்தும் நிறைகின்றன. யூனிற் இருபத்திரண்டு சதம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஒருவருக்கொருவர் காசு கொடுப்பதில்லை.