செத்த வயர்

தம்பி வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டதும் நான் பண்ணின முதல் காரியம், டிவிக்குப் பின்னால மினுக்கிக்கிட்டிருந்த மோடம் மேல ஒரு துண்டைப் போட்டு மூடினது. அப்புறம்தான் கதவைத் திறந்தேன், திருட்டு முழி முழிச்சுக்கிட்டு.

அவன் டெலிபோன் கம்பெனியில சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகுது. போன் வயர் வழியாவே வர்ற நெட்டை, அதான் அந்த டி.எஸ்.எல்லை, வீடு வீடா ஏறி இறங்கி விக்கிற வேலை. இன்னும் பர்மனென்ட் ஆகல. மாசக் கடைசிக்குள்ள போதுமான வீடு பிடிக்கலைன்னா அனுப்பிடுவாங்க. "சொந்த அக்கா வீட்டுல போட முடியாதவன் அடுத்தவன் வீட்டுல என்னத்தப் போடப்போறே?"ன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் கேட்டாராம். "அடப்போடா, எங்க வீட்டுல உன் லைன்தான், போய் அந்த ஆள்கிட்ட தைரியமாச் சொல்லு"ன்னு வாக்குக் குடுத்தது நான்தான்.

வாக்குக் குடுத்தா மட்டும் போதுமா, பொறுமை வேணாமா? நான் வீட்டுல உக்காந்தபடியே கம்ப்யூட்டர்ல பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கறேன். கைபோன் நெட்டை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கணும்னு சொல்றதுக்குள்ள படம் அப்படியே நின்னுடும். வாயைப் பிளந்த என் மூஞ்சியைப் பார்த்து அந்தப் பக்கம் அத்தனையும் கெக்கெபிக்கேன்னு சிரிக்கும். தம்பியைக் கேட்டா, "லைன்மேன் வந்துடுவார்க்கா, வந்துடுவார்க்கா"ன்னு இழுத்துக்கிட்டே இருந்தான். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்குக் கேபிள்காரர் வந்தார். "போன் வயரா? அது செத்த வயரும்மா. உங்க டிவி வயர்லயே நான் இப்பவே போட்டுத் தரேன்"னார். எனக்கு ஏற்கெனவே சுர்ருன்னு ஏறியிருந்துச்சு. போடுங்கன்னுட்டேன்.

போட்டதும் நல்லாத்தான் ஓடுது. எனக்குத்தான் சோறு இறங்கல. செத்த வயரைக் கட்டிக்கிட்டு அழ முடியுமான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"ன்னபடி உள்ள வந்தான்.

"அடுப்படியில இருந்தேன்டா சுண்டெலி." சின்ன வயசுல எலும்பும் தோலுமா இருந்தவனுக்கு நான் வெச்ச பேர். வெளியில எவன் காதுலயாவது விழுந்துச்சு, உன்னைக் கொன்னுடுவேன்பான்.

"போன்ல நெட் தீர்ந்துபோச்சுக்கா. காலையிலேருந்து ஒரு மெசேஜ் வரல, சூப்பர்வைசர் என்னன்னு திட்டியிருக்காரோ." பையிலேருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்தான். "லைன்மேனை நம்பினா ஆகாது. நானே பார்த்துடறேன்."

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நல்லாப் பாரு மச்சான். உங்க அக்கா உன் லைனுக்காகத் தவம் கிடக்கறா"ன்னார். நான் முறைச்ச முறைப்புல பேப்பர் இன்னும் மேல ஏறிடுச்சு.

சுவத்துல போன் மாட்டுற இடத்துல மீட்டரைச் செருகினான். கடவுளே, வயர் செத்திருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். கூடப் பிறந்தவன் பொழப்புல மண் விழட்டும்னு வேண்டிக்கிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

பளிச்சுன்னு பச்சை விளக்கு எரிஞ்சுது.

"அக்கா! இங்க பாரேன்! இந்தத் தெருவுலயே இப்படி ஒரு லைன் நான் பார்த்ததில்ல. நாளைக்கே ஆள் வரச் சொல்லிடறேன்!" மார்க் வாங்கிட்டு வந்த பிள்ளை மாதிரி அவனுக்கு முகமெல்லாம் பல்லு.

"இரு, டீ கொண்டாரேன்"னு அடுப்படிக்கு ஓடினேன். டம்ளரை நீட்டும்போதே சொல்லிடணும். அடிப்பாவி, இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? திட்டிக்கிட்டே சர்க்கரையை ரெண்டு தரம் போட்டுட்டேன்.

கூடத்துல 'டிங்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. இன்னொரு தரம். அப்புறம் டிங் டிங் டிங்னு நிக்கவே இல்ல. நெட் இல்லாத போனுக்கு மெசேஜ் கொட்டுது.

டம்ளரைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தா, அவன் போனையே பார்த்துக்கிட்டு நிக்கறான். பக்கத்து வீட்டு வைஃபை ஏதாவது கிடைக்குமான்னு தேடியிருக்கான். திரையில முதல் பேரே 'சுண்டெலி'. "வைஃபைக்கு ஒரு பேர் சொல்லும்மா"ன்னு கேபிள்காரர் கேட்டப்போ யோசிக்காம என் வாயில வந்த பேர். பாஸ்வேர்டும் அவனுக்குத் தெரியும். எனக்கு முதல்முதலா ஈமெயில் ஆரம்பிச்சுக் குடுத்தப்போ அவன் போட்டதைத்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாத்துக்கும் வெச்சிருக்கேன். இப்படி மாட்டிக்க என்னை மாதிரி மடச்சியாலதான் முடியும்.

அவன் என்னைப் பார்க்கல. சூப்பர்வைசர் நம்பரைத் தட்டினான்.

"சார், அக்கா வீட்டுல பார்த்துட்டேன் சார். லைன் எடுக்கல. எக்ஸ்சேஞ்ச்லேருந்து தூரம் ஜாஸ்தி. இல்ல சார், அவங்க ரொம்ப ஆசைப்பட்டாங்க. நம்ம லைன்தான் சரியில்ல." அந்தப் பக்கம் என்னவோ கத்தறது எனக்கே கேட்டுது. "சரி சார். சரி சார்."

சுவத்துல பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"டேய், ரெண்டையும் வெச்சுக்கறேன்டா. திரும்பக் கூப்பிடு அவரை."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு எதுக்குக்கா? இதுவே நல்லா வேகமா இருக்கு." டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சான். சர்க்கரையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. கண்டபடி திட்டியிருந்தான்னா தாங்கியிருப்பேன்.

செருப்பை மாட்டிக்கிட்டே, "அந்தப் பேரை மட்டும் மாத்திடுக்கா. நாளைக்கு எங்க ஆளுங்க எல்லாரும் இந்தத் தெருவுக்குத்தான் வர்றாங்க"ன்னான்.

அவன் தலை மறைஞ்சதும் மாத்த உக்காந்தேன். பேரை எங்க போய் மாத்தறதுன்னு ஒரு மண்ணும் புரியல. மெஷின் சமாச்சாரம்னா நான் கூப்பிடறது ஒரே ஆளைத்தான். யோசிக்கறதுக்கு முன்னாலயே கை நம்பரைத் தட்டிடுச்சு.

"சொல்லுக்கா"ன்னான், எப்பவும் போல.

"அந்தப் பேரை எங்கடா போய் மாத்தறது?"ன்னு கேட்டேன்.

"முதல்ல அந்தத் துண்டை எடுத்துடுக்கா. மோடம் சூடாயிடும்."