இடுப்பு உயரத் தடுப்பு

வரைபடத்தில் இல்லாத சுவர் ஒன்று பள்ளிவாசலுக்குள் நின்றது. தரையிலிருந்து கூரை வரை, ஒரு சந்து பொந்து இல்லாமல், பூச்சு வேலைகூட முடிந்து ஈரம் காயாமல் நின்றது. ஆர்க்கிடெக்டுக்கு முதலில் காது சூடானது. அப்புறம்தான் வாய் திறந்தது.

"மேஸ்திரி! யாரு கட்டச் சொன்னது இதை?"

மேஸ்திரி கரண்டியைக் கழுவிக்கொண்டே, "தலைவர்தாம்மா. உங்ககிட்ட பேசிட்டேன்னாரே," என்றார்.

தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன். பள்ளிவாசல் கமிட்டிக்குத் தலைவர். "நம்ம வீட்டுப் பொண்ணு இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவள் வேறொரு வேலைக்காக வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து முதுகில் குத்தியவரும் அவர்தான்.

எவ்வளவு மல்லுக்கட்டி வாங்கிய வடிவம் அது! ஃபைபரில் வார்த்த பச்சைக் குவிமாடம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற கமிட்டியிடம், "நபி கட்டின பள்ளிக்கு ஈச்ச ஓலைதான் கூரை" என்று பேசிப் பேசித் தொண்டை வறண்டவள் அவள். மனையோ கோணல். சாலை ஒரு பக்கம், தொழும் திசையான கிப்லா இன்னொரு பக்கம். கட்டடத்தைச் சாலைக்கு நேராக நிறுத்தி, உள்ளே கம்பளத்தை மட்டும் சாய்த்து விரித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் கூடத்தையே கிப்லாவுக்குத் திருப்பினாள். மிஞ்சிய முக்கோணத்தில் ஒரு முற்றமும் தொழுமுன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும் இடமும் சொல்லி வைத்தாற்போல் வந்து உட்கார்ந்தன. கிப்லாச் சுவரில் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கினாள்; வெளிச்சம் சலித்த மாவுபோல உள்ளே இறங்கியது.

ஆண்களின் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு படி உயரத்தில், பெண்களின் இடம். நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு மரத் தடுப்பு. அவ்வளவுதான். நின்றால் இமாம் தெரிவார்.

அந்தத் தடுப்பை அவள் அம்மாவுக்காக வரைந்தாள். பழைய பள்ளியில் பெண்களுக்குக் கிடைத்தது மாடியில் பாய் அடுக்கும் அறை. இமாமின் முதுகைக்கூட அம்மா வாழ்நாளில் பார்த்ததில்லை. இப்போது மரத் தடுப்பு வரவேண்டிய இடத்தில் இந்தச் சுவர்.

மாமா மதியம் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே கையை உயர்த்தினார்.

"எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே? அந்தப் பக்கம் பெரிய டிவி வைக்கிறோம். இமாமுக்கு நேரா கேமரா. நல்ல ஸ்பீக்கர். புதுக் காலத்துப் பள்ளின்னு நீதானே எங்களுக்குப் பாடம் எடுத்தே? இதைவிடப் புதுசா என்ன வேணும்?"

"மாமா, நபி காலத்துல ஆம்பளைங்களுக்குப் பின்னாடி பொம்பளைங்க நின்னு தொழுதாங்க. நடுவுல சுவரே கிடையாது. நான் வரைஞ்சது பழசு. நீங்க கட்டினதுதான் புதுசு."

"அப்ப இருந்த ஜனம் வேற, இப்ப இருக்கிற ஜனம் வேற. நாலு பேரு நாலு விதமா பேசுவான். அவன் வாயை நீ அடைப்பியா?"

"அவன் வாயை அடைக்க முடியலன்னு எங்கம்மா கண்ணை அடைப்பீங்களா?"

மாமா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அழைப்பு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா அதற்குமேல். "விடுடி. இந்த மட்டும் தரையில எடம் குடுத்தாங்களே. மாடிப்படி ஏறாம தொழலாம்ல? அவர் என் அண்ணன்டி, சண்டை வேண்டாம்." ஆர்க்கிடெக்டுக்கு மாமாமேல் வந்ததைவிட அம்மாமேல்தான் அதிகம் கோபம் வந்தது. யாருக்காக இவ்வளவும்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடு போடுகிறவளுக்காகவா? சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனாள்.

ஆனால் திறப்பு விழாவுக்குமுன், கட்டடம் முடிந்தது என்ற சான்றிதழில் அவள் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் கதவைத் திறக்க முடியாது. கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு அஸர் தொழுகை. கமிட்டி முழுக்க சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு தொழுங்க. குறையில்லன்னா கையெழுத்துப் போட்டுட்டு நான் பாட்டுக்குப் போறேன்," என்றாள்.

"இவ்வளவுதானே!" என்று மாமா சிரித்தார்.

டிவியும் கேமராவும் ஸ்பீக்கரும் மாட்டி முடித்த அன்று மாலையில் கமிட்டிக்காரர்கள் சுவருக்குப் பின்னால் அணி வகுத்தார்கள். கூடத்தில் இமாமுக்குப் பின்னால் வேலையாட்களும் அக்கம்பக்கத்தாரும் நின்றார்கள். தானும் அதே அறையில் அப்புறம் தொழலாம் என்று வந்திருந்த அம்மா, மகளோடு பக்கவாட்டு வாசலில் நின்றாள். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

மாலைத் தொழுகையான அஸரில் இமாம் ஓதுவது வெளியே கேட்காது. குனிவதற்கும் நிமிர்வதற்கும் அவர் சொல்லும் தக்பீர் மட்டும்தான் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் நிற்பவர்கள் போக வேண்டும்.

ஸ்பீக்கரில் "அல்லாஹு அக்பர்" என்று வந்தது. கமிட்டி குனிந்தது. டிவியில் இமாம் இன்னும் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தார். கேமராவின் படம் குரலுக்குப் பின்தங்கி வந்தது. அதைப் பார்த்த செயலாளர் அவசரமாக நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்ததால் பொருளாளர் நிமிர்ந்தார். அதற்குள் டிவி இமாம் குனிந்தார். நிஜ இமாம் நிமிர்ந்துவிட்டார். ஸ்பீக்கரை நம்பியவர் ஒரு கட்சி, டிவியை நம்பியவர் ஒரு கட்சி. மாமா இரண்டுக்கும் நடுவில் பாதி வளைந்து நின்றார்.

தொழுகையின் கடைசிச் சுற்றான ரக்அத்தில், ஸஜ்தாவில் எல்லோரும் தரையில் நெற்றி வைத்திருந்தபோது கரண்ட் போனது. டிவி செத்தது, ஸ்பீக்கர் செத்தது. வெளிச்சம் வர வேண்டிய பக்கத்தில்தானே சுவரை எழுப்பியிருக்கிறார்கள்? அறை இருண்டது. மைக்கை நம்பி மெல்லப் பேசிப் பழகிய இமாமின் குரல் சுவரைத் தாண்டவில்லை.

நெற்றிகள் தரையிலேயே கிடந்தன. யாரும் எழவில்லை, பக்கத்து ஆள் எழட்டும் என்று ஒவ்வொருவரும் காத்துக் கிடந்தார்கள். ஒருவர் இருமினார். இன்னொருவர் பதிலுக்கு இருமினார். கூடத்தில் இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, ஜனம் எழுந்து, செருப்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. ஆர்க்கிடெக்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மாவும் சொல்லவில்லை. அப்படிக் கிடப்பவர்களை வெளியே நின்று பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. மாடி அறையில் மைக் அறுந்துபோன நாட்களில் எல்லாம் அவள் உள்ளேதான் கிடந்தாள். அவள் முகத்திலிருந்து அந்த வழக்கமான சமாதானச் சிரிப்பு போய்விட்டது.

கடைசியில் மாமாதான் தலையைத் தூக்கினார். நெற்றியில் சிமெண்டுத் தூசி. வாசலில் இருவரையும் பார்த்ததும் முகம் சிவந்தது. எழுந்து வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஒரு இன்வெர்ட்டர் போட்டா சரியாயிடும். டிவியையும் மாத்திடுவோம்."

மகள் வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க ஒரு தடவை கிடந்ததுக்கு இன்வெர்ட்டர் கேக்குறீங்க. நாங்க மாடியில எத்தனை தடவை இப்படிக் கிடந்தோம், ஒரு தடவையாவது ஏன் லேட்டுன்னு கேட்டீங்களா? கீழ வண்டியில உக்காந்து ஹாரன்தானே அடிச்சீங்க?"

"ஏம்மா, நீயுமா..."

"நானுந்தான்."

அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். செங்கல் இடுக்குகளின் வெளிச்சம் விழுந்த இடத்தில், இமாம் நிற்கும் மாடத்துக்கு நேராக நின்றாள். "ஏய், இங்கயா? இரு, இரு," என்று மாமா பின்னாலேயே ஓடினார். அதற்குள் அம்மா தக்பீர் கட்டிவிட்டாள். தொழுகையில் நிற்பவரிடம் பேச முடியாது, குறுக்கே போகவும் கூடாது. இமாமே மாமாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கமிட்டி மொத்தமும் சுவரோரமாக ஒதுங்கி, வாயை மூடிக்கொண்டு நின்றது.

கோபம் அடங்கினால் தானும் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆர்க்கிடெக்ட் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அடங்குவதாக இல்லை. அதையும் கூட்டிக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

அம்மா நிதானமாகத் தொழுதாள். ஒரு ரக்அத்தைக்கூட அவசரப்படுத்தவில்லை. வலப்பக்கம் ஸலாம் சொன்னாள், இடப்பக்கம் ஸலாம் சொன்னாள். உட்கார்ந்தபடியே திரும்பாமல் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, பெரிய சுத்தியல் இருக்கா?"

மேஸ்திரி தலைவர் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? கேக்குறது நான்."