நகராத வண்டியின் மைல்கள்

தொட்டூர் சென்னகிருஷ்ணனிடம் ஒரு டாட்ஜ் கார் இருந்தது. 1928-இல் அமெரிக்காவில் செய்தது. யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பெங்களூர் தண்டில், பட்டாளத்தார் இருந்த கன்டோன்மென்டில், வாங்கினார். வாங்கிய அன்று அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோழியை இறக்கிவிட்டு வண்டியை ஆளாக்க அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. ஒரு முன்விளக்குக் கண்ணாடிக்காகத் தண்டிலுள்ள பழைய இரும்புக் கடைகளை ஏழு தடவை சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார். மர ஆரக்கால் வைத்த சக்கரங்களுக்குத் தன் கையாலேயே வார்னிஷ் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் எல்லைவரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருவார். மற்ற நாட்களில் அது கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். கிருஷ்ணகிரிக்குப் போவதென்றால் அவர் பஸ்ஸில்தான் போவார். சாலைப் புழுதி வண்டிக்கு ஆகாது.

1955-ஆம் வருடம் சித்திரையில் கிருஷ்ணகிரி கூட்டுறவு சங்கம் ஒன்றில் அவரை டைரக்டராகப் போட்டார்கள். செவ்வாய்தோறும் கூட்டம். காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு திரும்ப முடியும். அதே செவ்வாய்க்கிழமைதான் மைக்கேல்ராஜ் வரும் நாள். அவன் மத்திகிரிக்காரன், ஓசூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். செவ்வாய் அவனுக்கு விடுமுறை. ஐந்து வருடமாக சைக்கிளில் வந்து டாட்ஜைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போவான். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடக்கூடாது என்பது சென்னகிருஷ்ணனின் கட்டளை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை காலையில் அவர் வண்டிக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்த எண் அவருக்கு மனப்பாடம். அதைவிட நாற்பத்தொரு மைல் கூடியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்றுதான்.

இறங்கி டயர்களைப் பார்த்தார். மண் இல்லை, சாணி இல்லை. இடது பின்சக்கரத்து நட்டுகளில் மட்டும் ஸ்பானர் பட்ட புதுக் கீறல்கள். பெட்ரோல் டாங்கில் குச்சியை விட்டு எடுத்தார். குறைந்திருக்கும் என்று பார்த்தால் அரை அங்குலம் கூடியிருந்தது. திருடுகிறவன் எவனாவது பெட்ரோல் ஊற்றி வைத்துவிட்டுப் போவானா? ஊற்றுவான், கொள்ளை லாபம் கிடைக்கிற தொழிலாக இருந்தால்.

மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. தொட்டூரிலிருந்து கெலமங்கலம் ஐந்து மைல். அங்கிருந்து ஓசூர் பன்னிரண்டு. அதற்கப்புறம் ஜூஜுவாடி நாலு. போக வர நாற்பத்திரண்டு. ஜூஜுவாடியைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். இங்கே மதுவிலக்கு, அங்கே கடைகள் திறந்திருந்தன. பால் கேனிலும் வைக்கோல் வண்டியிலும் பாட்டில்கள் எல்லை தாண்டி வந்து பிடிபடுவதை ஊரே பேசும். பெரிய மனிதர் வீட்டு டாட்ஜை எந்தப் போலீஸ்காரன் நிறுத்துவான்?

கொட்டகைச் சாவி சாமி மாடத்தில் இருக்கும். எடுத்துக் கொடுக்கக்கூடியவள் நாராயணம்மா ஒருத்திதான்.

"நேத்து மைக்கேல்ராஜ் எந்நேரத்துக்குப் போனான்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வேல முடிஞ்சதும் போனாருங்க" என்றாள். கீரையை ஆய்ந்துகொண்டிருந்த கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

அந்த ஒரு கணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, இரண்டு ஆமணக்கு விதைகளை ஒட்டி வைத்தார். வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் நசுங்கிவிடும். புதன்கிழமை பார்த்தபோது இரண்டு விதையும் வைத்தது வைத்தபடி இருந்தன. மீட்டரில் நாற்பத்துமூன்று மைல் ஏறியிருந்தது. கொட்டகைத் தரை ஈரமாக இருந்தது. கழுவிவிட்டிருக்கிறார்கள்.

வேறொருவராக இருந்தால் வண்டி நகரவில்லை என்று எண்ணியிருப்பார். சென்னகிருஷ்ணனுக்கு அப்படித் தோன்றவில்லை. விதையைக் கண்டுபிடித்து எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறான். எவ்வளவு கைதேர்ந்தவன் பார் என்றுதான் தோன்றியது. சீட்டுக்கு அடியில் தடவியபோது விரலில் சாம்பல் நிறத்தில் ஏதோ மாவுபோல ஒட்டியது. பாட்டில் உடையாமலிருக்க உமியோ தவிடோ போட்டு அடுக்குகிறார்கள் என்று முடிவு கட்டினார்.

அதன் பிறகு ஊரே அவருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவர் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடைத் திம்மப்பன், "மொதலாளி வர செவ்வாக்கெழம கிருஷ்ணகிரி போறீங்களா?" என்று கேட்டான். அவர் பயணத்தில் இவனுக்கென்ன அக்கறை? கொட்டகையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாவின் மாவு மில். புருஷன் செத்தபின் அந்தம்மாள்தான் அதை நடத்திவந்தாள். தை மாதம் மில்லின் ஆயில் இன்ஜின் உடைந்துபோய், மெட்ராஸிலிருந்து வரவேண்டிய சாமான் வராமல் மூடிக் கிடந்தது. வருமானம் நின்றுபோனவள் முகத்தில் எப்படி இந்தச் சிரிப்பு? அவளுக்கும் இதில் பங்கு உண்டு.

நாராயணம்மா செவ்வாய்க்கிழமைகளில் மைக்கேல்ராஜுக்குச் சாப்பாடு போடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். போன வாரம் அவனுக்காகக் கோழி அடித்திருக்கிறாள் என்பது தெரிந்தபோது மனம் வேறு எங்கோ போகப் பார்த்தது. அந்த வழியில் போக விடாமல் அதை இழுத்துப் பிடித்தார்.

மூன்றாவது வாரம் ஓசூருக்குப் போய் சப்-இன்ஸ்பெக்டர் ராஜப்பனிடம் எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தார். தன் காரை மெக்கானிக் மைக்கேல்ராஜ் சாராயக் கடத்தலுக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாராயணம்மா பெயரை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல வேட்டி மடிப்புக் கலையாமல் பஸ் ஏறினார். கெலமங்கலத்தில் இறங்கிக்கொண்டார். பத்து மணிக்கு ராஜப்பன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு ஜீப்பில் வந்தார். எல்லாருமாகத் தொட்டூருக்குப் புறப்பட்டார்கள். ஊருக்கு முன்னாலேயே மாந்தோப்பில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தார்கள்.

தூரத்திலேயே டாட்ஜின் சத்தம் கேட்டது. அந்த இன்ஜின் சத்தத்தை நூறு வண்டிக்கு நடுவிலும் அவரால் கண்டுபிடிக்க முடியும்.

"கெளம்பப் போறானுங்க சார். சீக்கிரம் வாங்க" என்று சென்னகிருஷ்ணன் ஓட்டமும் நடையுமாகப் போனார். கிட்டே போகப் போக அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. கடகடவென்று கல் அரைபடும் சத்தம்.

கொட்டகை வாசலில் கூடைகளோடும் சாக்கு மூட்டைகளோடும் முப்பது பெண்களாவது நின்றார்கள். ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டு, "யஜமானரு பந்துபிட்ரு!" என்று, முதலாளி வந்துவிட்டதைக் கன்னடத்தில் அலறினாள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

டாட்ஜ் நின்ற இடத்திலேயே நின்றது. இடது பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் இரும்பு உருளையை முடுக்கியிருந்தார்கள். அதில் ஓடிய நீளமான தோல் பெல்ட் சுவரிலிருந்த ஜன்னல் வழியாக வெள்ளையம்மாவின் மில்லுக்குள் போய், அரைக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. மைக்கேல்ராஜ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், ராகி மாவு படிந்த புடவையோடு, ஆக்ஸிலேட்டரில் காலை வைத்து நாராயணம்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்ஜினை அணைத்தது அவள்தான். வந்த அமைதியில் பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

ராஜப்பன் விடவில்லை. கான்ஸ்டபிள்கள் சீட்டுகளைத் தூக்கிப் பார்த்தார்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். எங்கு தொட்டாலும் ராகி மாவு. மில்லுக்குள் போய் வந்தவனின் மீசையும் நரைத்திருந்தது. பெண்களில் யாரோ சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது.

"என்னங்க இது? சாராயம் கடத்தறான், மைக்கேல்ராஜைப் புடிங்கன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

மைக்கேல்ராஜ் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். சென்னகிருஷ்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மாதான் முன்னால் வந்தாள். "சாமி, கெலமங்கலத்துக்கு நடந்து போயி அரச்சிட்டு வர இந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு நாள் பூரா போவுது. அந்தத் தம்பிதான் வழி சொல்லுச்சு. பெட்ரோல நாங்க எல்லாரும் சேந்து ஊத்தறோம். தப்புன்னா என்னயப் புடிச்சிட்டுப் போங்க."

"தப்புத்தான். சொந்தக்காரருக்குத் தெரியாம வண்டிய எடுத்தா அது திருட்டு" என்றார் ராஜப்பன். சென்னகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாமதானே? அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இவனையும் இந்த மில்லுக்கார அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். நானும் இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஏதாச்சும் இருக்கணும்."

சென்னகிருஷ்ணன் தன் வண்டியைப் பார்த்தார். ஜாக்கியில் கோணலாக நின்றது. நின்ற இடத்திலேயே அச்சு சுழன்று மீட்டரில் மைல்களை ஏற்றியிருக்கிறது. வார்னிஷ் அடித்த சக்கரம் சுவரோரம் ஒரு சாக்கின் மேல் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாராயணம்மா சீட்டை விட்டு இறங்கவில்லை. அவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். இருபது வருடத்தில் அவள் அப்படி அவரை நேராகப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

"தெரியும் சார்" என்றார். "நான் சொல்லித்தான் ஓட்டறாங்க."

"அப்புறம் எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

"தப்பாப் போச்சு. மன்னிச்சிக்கங்க."

ராஜப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். மாந்தோப்பை நோக்கி நடக்கும்போது ஒரு கான்ஸ்டபிளிடம் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தது இங்கே வரை கேட்டது.

கூட்டம் கலைந்தது. அரைபடாத ராகியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மைக்கேல்ராஜ் உருளையைக் கழற்றி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினான். நாராயணம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசியில்லை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சென்னகிருஷ்ணன் சாயங்காலம் மனைவியிடம் கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"எங்கம்மாவக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப மாட்டு வண்டிதானே கட்டச் சொன்னீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அடித்தது. அந்தக் கிழவி கிருஷ்ணகிரி போய்ச் சேருமுன்பே வழியில் செத்துப்போனாள். டாட்ஜ் அன்றைக்குப் போர்வைக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் சுவரைத் தாண்டிப் போய் வெள்ளையம்மாவிடம், செவ்வாய் மட்டுமில்லை, சனிக்கிழமையும் வண்டி ஓடட்டும், அன்றைக்கு உருளையை நானே மாட்டித் தருகிறேன் என்று சொன்னார். அவள் கும்பிட்டாள். ஆனால் அந்தப் பழைய சிரிப்பைக் காணோம்.

மைக்கேல்ராஜ் இரண்டு வாரம் வரவில்லை. நாராயணம்மா ஆள் அனுப்பிய பிறகு வந்தான். ஆவணியில் மில்லுக்குப் புது சாமான் வரும்வரை வண்டி அரைத்தது. பெண்கள் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள். சென்னகிருஷ்ணன் அங்கே இருந்தால் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. இவர் யாரை எப்போது எழுதிக் கொடுப்பாரோ என்ற பயம்.

மைக்கேல்ராஜ் அதைப் பேசவே இல்லை. வேலை முடிந்து கிளம்பும்போது மட்டும் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டான். அவர் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து, தன் சாமான் பையைத் திறந்து, அவர் முன்னால் தரையில் வைப்பான்.

"பாத்துக்கங்க மொதலாளி."

"எதுக்குப்பா இதெல்லாம்? மூடு, மூடு" என்று முதல் நாள் பதறினார்.

"இருக்கட்டுங்க. பாத்துட்டீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

பார்க்கக்கூடாது என்றுதான் அவர் ஒவ்வொரு வாரமும் நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்வார். ஆனால் அவன் குனிந்து பையை மூடுவதற்குள் கண் தானாக உள்ளே போய், ஸ்பானர், திருப்புளி, எண்ணெய்க் குடுவை என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டு வரும். அதை மைக்கேல்ராஜும் கவனித்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவான்.