பத்துக் கையெழுத்து

"அக்கா, போலீஸுக்கு மட்டும் போகாதே. அவனை உள்ளே தள்ளி..."

"தள்ளாம? தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போனவனுக்கு விருந்து வைக்கவா?"

அக்கா தையல்காரி. தங்கை, சிறைகளே கூடாதென்று மேடையேறிப் பேசுகிறவள். திருடியவன் பக்கத்து வீட்டுக்காரன். இது இரண்டாம் முறை.

"சிறை யாரைத் திருத்தியிருக்கு, சொல்லு!"

"யாரையும் இல்ல. அதனாலதானே போன தடவை உன் பேச்சைக் கேட்டேன்? போலீஸுக்குப் போகாம, அவனையும் கூப்பிட்டு வட்டமா உட்கார்ந்து பேசினோம். அவன் அழுதான், கூடவே நானும் அழுது தொலைச்சேன். வாராவாரம் வந்து பார்ப்போம், வேலை தேடித் தருவோம்னு உன் ஆளுங்க பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாங்க."

அக்கா போலீஸுக்கு எழுதி வைத்திருந்த புகார்த் தாளைத் தங்கை தன் பக்கம் இழுத்தாள். அக்கா அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தாள்.

"ஒரு வாரமாவது யாராவது வந்தீங்களாடி?"