படகுக்கு ஒரு சொல்

கடல் கரையில் தள்ளும் எல்லாவற்றுக்கும் சட்டத்தில் பெயர் உண்டு. போர்த்வென்னா துறைமுகத்தில் அதைப் பதிவு செய்வது என் வேலை. விபத்தில் தானாக மிதந்து வந்தது ஃப்ளாட்சம். மிதத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். கப்பலைக் காப்பாற்ற ஆட்களே வீசியது ஜெட்சம். எறிதல் என்று பொருள். திரும்பும் எண்ணமில்லாமல் விட்டுப்போன கலம் டெரலிக்ட். லத்தீனில், முற்றாகக் கைவிடப்பட்டது. கல்லூரியில் இதைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். பின்னாளில் என் மனைவியான செனாரா தட்டச்சு செய்து கொடுத்தாள்.

எங்கள் படகில் தனியாகக் கடலுக்குப் போனவளின் உடல் ஒன்பதாம் நாள் ஒரு வலையில் வந்தது. காலில் பூட்ஸ் இல்லை. கடல் கழற்றிவிடும் என்றார்கள். அடக்கம் செய்தோம். படகு நேற்றுதான் கிடைத்தது.

மேலதிகாரி, "இந்தப் பதிவை நான் எழுதட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

காலையில் செனாராவின் அப்பா கிளெமோ வந்தார்.

"மாப்பிள்ளை, அந்த மிதக்குற சொல்லையே போடுங்க. அலை அடிச்சுது, விழுந்துட்டா. அவ அம்மா அதை நம்பித்தான் ராத்திரி கண்ண மூடுறா."

"பூட்ஸ் படகுக்குள்ள இருக்கு மாமா. ஜோடியா, முன்பலகைக்கு அடியில செருகி."

"நான்ஸ் வெச்சிருப்பான். எதையாவது அடுக்கிட்டே இருப்பான் கிழவன்."

படகைக் கண்டெடுத்தவர் நான்ஸ். இருவரும் கரைக்குப் போனோம். நான்ஸ் படகில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆபீசர். அலைக்கோட்டுக்கு மேல இழுத்து, என்னுதுன்னு கல்லு வெச்சேன். உங்க வீட்டுப் படகுன்னு தெரிஞ்சதும் கல்ல எடுத்துட்டேன். திருடன்தான், அவ்வளவு பெரிய திருடன் இல்ல."

"உள்ள எதையெல்லாம் தொட்டீங்க?"

"கயிறச் சுருட்டினேன். தண்ணிய இறைச்சேன். அவ்வளவுதான்."

"பூட்ஸ்?"

புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "முங்கிப்போனவங்க பூட்ஸ இந்தக் கரையில எவன் தொடுவான்? அதச் சுத்தித்தான் இறைச்சேன்."

"நல்லா நெனச்சுப் பாருடா," என்றார் கிளெமோ. "கை பட்டிருக்கும்."

"படல, கிளெமோ." பிறகு கிளெமோவின் முகத்தைப் பார்த்தார். "பட்டுச்சுன்னு சொல்லணுமா? சொல்றேன்."

"சொல்லுடா."

"பட்டுச்சு, ஆபீசர். நான்தான் செருகி வெச்சேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தாளைப் படகின் விளிம்பில் வைத்து எழுதினேன்.

"எந்தச் சொல்லு?" என்றார் கிளெமோ.

"டெரலிக்ட்."

"அப்படின்னா?"

"விட்டுட்டுப் போனது."

அவர் மணலில் உட்கார்ந்தார்.

"அவ அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. என்னால அந்த வீட்டுக்குள்ள போக முடியாது."

மேடு ஏறிப் போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைத்தான் பார்த்தாள்.