சூடாறாத தாச்சி

சாலிஹ் நானாவின் கடையில் வதனி ஒரு சட்டியின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. நல்ல கனத்த அடி. இதில் பால் காய்ச்சினாலும் பிடிக்காது, பருப்பு வேகவிட்டு மறந்துபோனாலும் கருகாது. தட்டினால் சத்தம்கூட அடக்கமாக வந்தது. பெருவிரலை எடுத்த பிறகும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஆனால் சாமான் வாங்க வந்தது அவளுக்கல்ல, தங்கை நிருஷாவுக்கு.

நிருஷாவுக்கு ஆவணியில் கலியாணம். பழுகாமத்தில் றோட்டுக்கரையோடு கட்டிய புது வீட்டில் குசினிச் சுவருக்கு மாபிள் ஒட்டி, தண்ணீர்க் குழாயும் உள்ளேயே வைத்தாகிவிட்டது. சட்டிபானைதான் பாக்கி. வேலைக்குப் போகிற நிருஷாவுக்குச் சனிக்கிழமைதான் வசதி. சனிக்கிழமையில் இரும்பு வாங்கக்கூடாது என்று அம்மா அன்னப்பூரணி ஒற்றைக்காலில் நின்றதால், வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு காத்தான்குடிக்கு வந்திருந்தாள். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற அவசரத்தில் சாலிஹ் நானா தொப்பியும் தலையுமாக நின்றே வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் ஆனால் தாயும் தகப்பனும் இருந்த வீட்டை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டு, மிச்சப் பிள்ளைகளோடு பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். வதனிக்கும் அப்படித்தான் வீடு வந்தது, குசினியும் அதோடு வந்தது. சட்டி, அகப்பை, தேங்காய் துருவுகிற திருவலை, மீன் பொரிக்கிற இரும்புத் தாச்சி, தேங்காய்முதல் பூசணிவரைக்கும் ஒரே கத்தி. கொடுத்துவைத்தவள் என்றது ஊர். கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள், ஒரு கரண்டிகூட அவளாகத் தெரிந்தெடுத்ததில்லை. வேண்டுமென்று நினைத்த நாட்களில், வீட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்றான் புருஷன். இருந்ததுதான். சாப்பிட வந்த சொந்தக்காரர் விரலை நக்கிவிட்டு, "அன்னப்பூரணிட தாச்சியில பொரிச்சா அது தனி ருசிதான்" என்பார்கள். அடுப்படியில் வெந்தது வதனி, பேர் வாங்கியது அம்மாவின் தாச்சி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியுமா?

இப்போது தங்கை ஒவ்வொரு மூடியாகத் திறந்து திறந்து பார்ப்பதைப் பார்க்க வதனிக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, பொறாமைதான். மாபிளுக்குப் பொறாமை, குழாய்க்குப் பொறாமை, "இது வேணாம், அதை எடுங்க" என்று சொல்கிற அந்த வாய்க்குப் பெரிய பொறாமை. போதாததற்கு, அம்மாவும் அந்தப் புது வீட்டுக்குத்தான் போகப்போகிறாள்.

நிருஷா ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். கறுப்புப் பூச்சுப் பூசிய மெல்லிய சட்டிகள், கண்ணாடி மூடிகள், கூடவே கிளிப்பச்சைப் பிடி போட்ட கத்திகள்.

"அக்கா, இது எப்பிடி இரிக்கி?"

வதனிக்குத் தெரியாதா? அந்தப் பூச்சு வருசம் திரும்பமுன் செதில் செதிலாய் உரியும். பக்கத்து வளவுக்காரி ஒருத்தி அப்படியொன்றை வாங்கி, அதன் பூச்சை முழுக் குடும்பமுமாகக் கறியோடு தின்று தீர்த்ததைக் கண்ணால் கண்டவள் அவள். கத்தியோ, பூசணியில் இறக்கினால் பாதி வழியில் வளைந்துகொண்டு நிற்கும்.

"நல்லாரிக்கி புள்ள" என்றாள். "வடிவாயும் இரிக்கி. இதையே எடு."

சொன்னவுடன் நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் ஒரு சின்ன இனிப்பும் நாக்கில் ஊறியது. உரியட்டும், புதுக் குசினியின் பளபளப்பு அடுத்த ஆவணிக்குள் கொஞ்சம் உரியட்டும்.

நிருஷா பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். "நானா, அந்த அடி கனத்த சட்டியைக் கட்டுங்க. அக்கா பெருவிரலால அழுத்திப் பாத்தாவே, அது. அந்தக் கத்தியையும் வையுங்க."

"எந்தக் கத்தி புள்ள?"

"அக்கா பிடியைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு வைச்சாவே, அதுதான்."

அது பார்வைக்கு ஒன்றுமில்லாத கத்தி. ஆனால் அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓடி, மூன்று ஆணியில் இறுகியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்ததே வதனிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகம் சுட்டது.

"வாயால என்ன சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்று நிருஷா சிரித்தாள். "நான் கூட்டிவந்தது உங்கட கைக்குத்தான்."

சாலிஹ் நானா அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல தெரிவுதான் தங்கச்சி. பேரப்பிள்ளைக்கும் நிக்கும்" என்று சுற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கதவை இழுக்கப் போனார்.

பஸ்ஸில் சனம். வதனிக்கு மட்டும் இடம் கிடைத்தது. மடியில் சட்டி, நிருஷா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த பேப்பரின் கிழிசலுக்குள் வதனியின் பெருவிரல் தானாகவே போய் அடியைத் தேடியது. எந்தச் சட்டி பிடிக்கும், எந்தக் கத்தி நிற்கும் என்று அவள் படித்ததெல்லாம் கையைச் சுட்டுச் சுட்டுப் படித்தது. அந்தப் படிப்பையும் அல்லவா இவள் ஒரு சொல் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறாள்! களவெடுத்தால்கூடப் போலீசுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது?

பட்டிருப்புப் பாலத்தில் பஸ் ஏறியபோது நிருஷா குனிந்தாள். "அக்கா, இந்தச் சட்டியையும் கத்தியையும் நீங்க வைச்சிக்கொள்ளுங்க."

வதனி நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அம்மாட தாச்சியும் அந்தப் பழைய கத்தியும் தாங்க. போதும்."

"உனக்கென்ன விசரா புள்ள? புது வீட்டுக்குப் பழம் தாச்சியா?"

"நீங்க அதில மீன் பொரிக்கக்குள்ள நான் பின்வளவில இருந்து மணத்தை இழுத்துக்கொண்டு கிடப்பன். எங்கட கொட்டில்ல ரெண்டு அலுமினியச் சட்டி. எது காய்ச்சினாலும் அடிப்பிடிக்கும். நல்லதெல்லாம் உங்களுக்குத் தந்துபோட்டு அம்மா அதைச் சுரண்டிக்கொண்டிருப்பா." அவள் சிரித்தபடிதான் சொன்னாள், கண்ணில் சிரிப்பில்லை. "உங்களில எனக்குச் சரியான எரிச்சல் அக்கா. இப்பயும்தான்."

எரிச்சல் என்பது தனக்கு மட்டுமே எழுதிவைத்த சீதனம் என்றல்லவா வதனி இத்தனை காலமும் இருந்தாள்! பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாவி ஒரே மாதிரிக் கிடந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை. பிறகு மடியிலிருந்த சட்டியின் பாரம் நினைவுக்கு வந்தது. இனி இது அவளுடையது.

"ஓம்" என்றாள், பஸ் பாலத்தைவிட்டு இறங்கமுன்னே. "பின்னேரம் வந்து எடு."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சட்டியைத் தட்டில் வைத்துத் தள்ளிநின்று பார்த்தாள். வடிவாகத்தான் இருந்தது. பிறகு ஆணியில் மாட்டியிருந்த தாச்சியைக் கழற்றினாள். மீன், இறைச்சி என்று மச்சத்துக்கே ஒதுக்கிய தாச்சி அது. வீட்டில் சைவம் மட்டுமே சமைக்கிற வெள்ளிக்கிழமையில் ஒருநாளும் ஆணியைவிட்டு இறங்காது. கொடுத்தனுப்பத்தானே என்று தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். அடி ஒரு பக்கம் கொஞ்சம் நெளிந்திருந்தது; அதனால் எண்ணெய் ஒரு பக்கமாகத்தான் தேங்கும். எந்தப் பக்கம் மீன் போட்டால் பிடிக்கும், எந்தப் பக்கம் சறுக்கும் என்று கை பார்க்காமலே அறியும். நிருஷாவுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். ஏன் சொல்லவேண்டும் என்றும் நினைத்தாள்.

கத்தியைக் கழுவும்போதுதான் கண்டாள். பிடியில் பெருவிரல் படுகிற இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அம்மாவின் பள்ளம் என்றுதான் எப்போதும் நினைப்பு. வலக்கையால் பிடித்தாள், பெருவிரல் அதற்குள் போய்ச் சரியாகப் படுத்துக்கொண்டது. இடக்கைக்கு மாற்றினாள், பள்ளம் மறுபக்கம் போனது. அம்மா இடக்கைக்காரி. கோயிலில் திருநீறு வாங்கும்போது மட்டும்தான் வலக்கையை நினைப்பாள். அப்படியென்றால் இந்தப் பள்ளம் அம்மாவுடையதே இல்லை.

வதனி கத்தியைத் துணியால் துடைத்தாள். இது மாபிள் ஒட்டிய குசினிக்குப் போகும். நிருஷா பொரிப்பாள். சனம் விரலை நக்கி, அன்னப்பூரணிட தாச்சி என்னும். அம்மாவும் பக்கத்தில் இருந்து தலையாட்டுவாள். கடையில் மாபிளை நினைத்தபோது எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை, இதுதான் எரிச்சல் என்று பட்டது.

பின்வளவுப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. "அக்கா! தாச்சியைக் கழுவிட்டீங்களா?"

யோசிக்க நேரமில்லை. ஈரத்தோடே தாச்சியைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். ஊதினாள், நெருப்புப் பற்றியது. எண்ணெயைச் சரித்தாள். கூடையில் கைக்கு அகப்பட்ட கத்தரிக்காய்களை எடுத்து அந்தப் பழைய கத்தியால் வெட்டத் தொடங்கினாள். ராச்சாப்பாட்டுக்குக் கறி ஏற்கெனவே காய்ச்சி மூடி இருந்தது.

நிருஷா வெறும் பையோடு வாசலில் வந்து நின்றாள். அடுப்பைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் மெல்ல. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அது மச்சத் தாச்சிதானே."

வதனி தலையை நிமிர்த்தவில்லை. கத்தரிக்காய் எண்ணெயில் விழுந்து சீறியது. "சூடா இரிக்கி புள்ள. ஆறட்டும்."

"ஆறட்டும்" என்றாள் நிருஷா. "நான் இரிக்கன்."

பையை மடியில் விரித்துக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டாள். எண்ணெய் மணம் வாசலைத் தாண்டிப் பின்வளவுப் பக்கம் போயிற்று. நிருஷா கண்ணை மூடி அதை இழுத்தாள். வதனி கத்தியைக் கையைவிட்டு வைக்காமல், மற்றக் கையால் ஒரு விறகுக் கொள்ளியை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.